அமெரிக்காவில் டிகிரி நடுவில் பல்கலைக்கழகம் மாறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு டிசம்பரிலும் முதல் செமஸ்டர் மார்க் வந்த கையோடு யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "எனக்கு இந்த யுனிவர்சிட்டி சரிப்படவில்லை, வேறு இடத்துக்கு மாறலாமா, கிடைக்குமா?" நான் இரண்டாம் வருட முடிவில் அப்படி மாறியவன். ஒருமுறை முயன்று எங்கும் கிடைக்காமல், அடுத்த வருடம் திரும்ப முயன்று கிடைத்தவன். அதனால் இதைப் பற்றி அதிகம் பேசுகிற ஆளாகிவிட்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை வலிப்பதால் எல்லாவற்றையும் இங்கே மொத்தமாகப் போடுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் "இடம் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். "கிடைத்தால் எந்த வருட மாணவனாக உள்ளே போவேன்?" என்று யாரும் கேட்பதில்லை. முதல் கேள்விக்கான பதில் பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. இரண்டாவதற்கு நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

எனக்குக் கிடைக்குமா? ஒரு சதவீதக் கணக்காவது சொல்லுங்களேன்.

சொல்ல முடியாது. மழுப்பவில்லை, காரணத்தைக் கேளுங்கள். முதல் வருட அட்மிஷனுக்கு ஒரு பல்கலைக்கழகம் இத்தனை பேர் என்று திட்டமிட்டு எடுக்கிறது. டிரான்ஸ்ஃபர் மாணவர்களை எடுப்பது பெரும்பாலான தனியார் பல்கலைக்கழகங்களில் மிச்சம் மீதியை நிரப்புகிற வேலை. எத்தனை பேர் படிப்பை விட்டுப் போனார்கள், எத்தனை பேர் ஒரு செமஸ்டர் வெளிநாடு போகிறார்கள், ஹாஸ்டலில் எத்தனை கட்டில் காலி, எந்தத் துறையில் வகுப்புகள் வழியவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணிக்கை முடிவாகிறது. அந்த எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் மாறும். போன வருடம் எழுபது பேரை எடுத்த இடம் இந்த வருடம் இருபதோடு நிறுத்திக்கொள்ளலாம், அதற்கும் உங்கள் மார்க்குக்கும் சம்பந்தமே இருக்காது.

பிரின்ஸ்டன் 1990-ல் டிரான்ஸ்ஃபர் எடுப்பதையே நிறுத்தியது. 2018-ல்தான் திரும்ப ஆரம்பித்தது. அந்த வருடம் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்து 13 பேருக்கு இடம் கிடைத்தது, அதில் 9 பேர் சேர்ந்தார்கள். ஹார்வர்டு வருடத்துக்குச் சுமார் ஒரு டஜன் பேரை எடுக்கிறது. அந்தப் பெயர்களுக்காகவே மாற நினைக்கிறீர்கள் என்றால் விண்ணப்பக் கட்டணத்தை லாட்டரிச் சீட்டுக் காசாக நினைத்துக்கொண்டு கட்டுங்கள், தப்பில்லை.

கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் நேர் எதிர். 1960-ல் அந்த மாநிலம் போட்ட உயர்கல்வித் திட்டத்திலேயே இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி) படித்துவிட்டு மூன்றாம் வருடம் மாறுவதற்குப் பாதை வைத்துவிட்டார்கள். யூசி என்று சொல்லப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகம், முதல் வருட மாணவர் இரண்டு பேருக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்ற விகிதத்தைக் குறியாக வைத்திருக்கிறது. அங்கே டிரான்ஸ்ஃபருக்கென்றே இடம் ஒதுக்கித்தான் திட்டம் போடுகிறார்கள்.

ஆகவே எந்த வகை இடம் என்பதைப் பொறுத்து ஒரே மாணவனுக்கு வாய்ப்பு தலைகீழாக மாறும். பட்டியல் போடும்போது ரேங்க் பார்ப்பதற்கு முன்னால், அந்த இடம் போன மூன்று வருடங்களில் எத்தனை டிரான்ஸ்ஃபர் மாணவர்களை எடுத்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் வருடாவருடம் வெளியிடும் "காமன் டேட்டா செட்" என்ற அறிக்கையில் இது இருக்கும், "டி" பகுதி. ஐந்து நிமிட வேலை. ஆனாலும் பத்து பேரில் ஒருவர்கூடப் பார்ப்பதில்லை.

நிச்சயமாக இடம் தருகிற வழி ஏதும் இல்லையா?

இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு. யூசியின் ஒன்பது இளநிலை வளாகங்களில் ஆறு, அதாவது டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகியவை, கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு "டேக்" என்ற உத்தரவாதம் தருகின்றன. சொன்ன பாடங்களைச் சொன்ன ஜிபிஏவோடு, அதாவது சராசரி மதிப்பெண்ணோடு, முடித்தால் இடம் உறுதி. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் டேக் போட முடியும், செப்டம்பர் மாதத்துக்குள் போட வேண்டும், அதற்கப்புறம் வழக்கமான விண்ணப்பத்தையும் தனியாகப் போட வேண்டும். இந்த இரண்டாவது படியை மறந்து வாய்ப்பைத் தொலைப்பவர்கள் உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியகோ மூன்றும் இதில் இல்லை. மற்ற ஆறிலும்கூடச் சில மேஜர்களுக்கு (டிகிரிக்கான முதன்மைப் பாடத்துறை) உத்தரவாதம் கிடையாது.

வர்ஜீனியாவிலும் கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இடையே இப்படி ஒப்பந்தங்கள் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகம் முதல் வருடத்தில் எடுக்காத சிலருக்கு, "வேறு இடத்தில் ஒரு வருடம் படித்து இன்ன மார்க் வாங்கி வா, எடுத்துக்கொள்கிறோம்" என்று கடிதம் தருவதுண்டு. அப்படி ஒரு கடிதம் உங்கள் கையில் இருந்தால் அதிலுள்ள நிபந்தனைகளை வக்கீல் நோட்டீஸைப் படிப்பது போலப் படியுங்கள். எந்தப் பாடம், எத்தனை கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் டிகிரிக் கணக்கில் உள்ள மதிப்பு எண்), எந்தத் தேதிக்குள் என்று எல்லாம் அதிலேயே இருக்கும்.

நான்கு வருடப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவருக்கு உத்தரவாதம் அநேகமாக எங்கும் இல்லை. யூசிகூட வரிசையில் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்குத்தான் முன்னுரிமை தருகிறது. "நான் ஏற்கெனவே நல்ல யுனிவர்சிட்டியில்தானே இருக்கிறேன், என்னைத்தானே முதலில் எடுப்பார்கள்" என்ற நினைப்பை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

முதல் வருடம் முடிந்து மாறலாமா, இரண்டாம் வருடம் முடிந்தா?

முதல் வருடத்திலேயே விண்ணப்பித்தால் உங்களைப் பற்றி அவர்கள் பார்க்கப்போவது ஒரே ஒரு செமஸ்டர் மார்க். அது போதாததால் பள்ளி மார்க்கை எடுத்துப் பார்ப்பார்கள். 24 அல்லது 30 கிரெடிட்டுக்குக் குறைவாக இருந்தால் பள்ளி டிரான்ஸ்கிரிப்டை (அதிகாரப்பூர்வ மதிப்பெண் பட்டியலை) அனுப்பு என்று பல இடங்கள் வெளிப்படையாகவே கேட்கும். பள்ளியில் சுமாராகப் படித்து, அதனால்தான் இந்த இடத்துக்கு வந்து, இப்போது நன்றாகப் படிக்கிறேன் என்பவர் இன்னொரு வருடம் பொறுத்தால் அந்தப் பழைய மார்க்கின் கனம் குறையும். என் முதல் முயற்சி ஊத்திக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு செமஸ்டர் நல்ல மார்க்கை வைத்துக்கொண்டு நாலு வருட பள்ளி மார்க்கை மறைக்கப் பார்த்தேன்.

அதற்காக மூன்றாம் வருடம் வரை இழுக்காதீர்கள். டிகிரிக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும், அதில் ஒரு பகுதியை எங்களிடம்தான் படிக்க வேண்டும் என்று எல்லா இடமும் நிபந்தனை வைத்திருக்கும். சில இடங்களில் கடைசி 30, சில இடங்களில் பாதிக்குப் பாதி, 60. எண்பது கிரெடிட்டோடு போய் நின்றால் சில இடங்கள் விண்ணப்பத்தையே வாங்காது.

என்னென்ன அனுப்ப வேண்டும்? முதல் வருட அட்மிஷன் போலத்தானா?

கிட்டத்தட்ட. பல தனியார் பல்கலைக்கழகங்கள் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக எடுக்கின்றன, ஆனால் டிரான்ஸ்ஃபருக்கான விண்ணப்பம் தனி. அதில் இரண்டு படிவங்கள் ஆளைப் படுத்தும். ஒன்று காலேஜ் ரிப்போர்ட்: இப்போது படிக்கும் இடத்தில் ஓர் அதிகாரி, இவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இல்லை, நல்ல நிலையில் இருக்கிறார் என்று எழுதித் தருவது. இன்னொன்று மிட்டெர்ம் ரிப்போர்ட்: இப்போது நடக்கும் செமஸ்டரில் ஒவ்வொரு பாடத்திலும் எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்று அந்தந்த ஆசிரியரிடம் கையெழுத்தோடு வாங்குவது. இருநூறு பேர் உட்காரும் வகுப்பில் உங்கள் பெயரே தெரியாத பேராசிரியரிடம் போய்த் தாளை நீட்டுவது தனி அனுபவம்தான். பிப்ரவரி கடைசியில் ஓடாமல் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இலையுதிர் காலச் சேர்க்கைக்குக் கடைசித் தேதி பல இடங்களில் மார்ச் 1 அல்லது மார்ச் 15. யூசிக்கு அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும், அப்புறம் ஜனவரிக்குள் இலையுதிர் கால மார்க்கைப் புதுப்பிக்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் அவர்கள் பொதுவாகக் கேட்பதில்லை.

இன்னொன்று. எங்கேயெல்லாம் கல்லூரிப் பாடம் படித்தீர்களோ அத்தனை இடத்து டிரான்ஸ்கிரிப்டும் போக வேண்டும். பள்ளியில் இருந்தபோது கோடையில் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ஒரே ஒரு வகுப்பு எடுத்து சி வாங்கியிருந்தாலும் அதுவும் சேர்த்தி. மறைத்தால் மாட்டுவீர்கள். மாட்டினால் கொடுத்த இடத்தையும் பிடுங்கிக்கொள்வார்கள்.

ஏன் மாற நினைக்கிறீர்கள் என்று கட்டுரையில் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் புலம்பாதீர்கள். "இங்கே சாப்பாடு மோசம், ரூம்மேட் மோசம், பேராசிரியர்கள் அக்கறையில்லை" என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றுதான் தோன்றும்: நாளை நம்மைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவான். என்ன படிக்க ஆசைப்படுகிறீர்கள், அது இப்போதைய இடத்தில் எந்த அளவோடு நின்றுவிடுகிறது, புதிய இடத்தில் எந்தப் பாடம், எந்த ஆய்வுக்கூடம் அதற்கு மேல் கொண்டுபோகும் என்று எழுதினால் போதும். என் முதல் வருடக் கட்டுரையில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை அழித்துவிட்டு வேறு எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அப்படிப் பொருந்தினால் கட்டுரை தேறாது என்று அடுத்த வருடம்தான் எனக்குப் புரிந்தது.

கிரெடிட் எல்லாம் அப்படியே வருமா?

வராது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்தார்கள் என்பது அதன் மதிப்பீடு. லாப நோக்கில் நடத்தப்படும் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம், அரசுக் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்கு மாறியவர்கள் கொஞ்சம் தேவலை. 43 சதவீதம் என்றால் இரண்டு வருடம் படித்தவர் ஏறக்குறைய ஒரு வருடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று அர்த்தம்.

கிரெடிட் போவதிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று, கிரெடிட்டையே ஏற்காமல் விடுவது. சி மார்க்குக்குக் கீழே வாங்கிய பாடம், பாஸ் என்று மட்டும் போட்ட பாடம் எல்லாம் பல இடங்களில் இப்படிப் போகும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது: கிரெடிட்டை ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் "எலெக்டிவ்" (விருப்பப் பாடம்) என்று ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள். தாளில் 60 கிரெடிட் வந்திருக்கும், உங்கள் மேஜருக்கு வேண்டிய கணக்குப் பாடம் அதில் கணக்காகாது, அதையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். "எல்லா கிரெடிட்டும் வந்துவிட்டது" என்று சந்தோஷமாகச் சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: எத்தனை மேஜருக்குள் உட்கார்ந்தது?

என் கதையைச் சொல்கிறேன். 58 கிரெடிட்டோடு போனேன். முதல் மதிப்பீட்டில் 58-ம் வந்தது, ஆனால் மேஜருக்குள் விழுந்தது 37. போனதில் பெரிய வலி லீனியர் அல்ஜீப்ரா. பழைய இடத்தில் அந்தப் பாடத்தின் பெயர் "மேட்ரிக்ஸ் மெத்தட்ஸ்". பெயரைப் பார்த்த யாரோ, இது ஏதோ பிசினஸ் மாணவர்களுக்கான கணக்கு என்று எலெக்டிவில் தள்ளியிருக்கிறார்கள். அட்வைசரிடம் புலம்பினேன். "சிலபஸ் இருக்கா?" என்றார். கோர்ஸ் கேட்டலாக்கில் இருந்த மூன்று வரியைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு, வாராவாரம் என்ன நடத்தினார்கள், எந்தப் புத்தகம், எந்த அத்தியாயம் வரை, பரீட்சை எப்படி என்று இருக்கிற முழு சிலபஸ் வேண்டும் என்றார். பழைய பல்கலைக்கழகத்தின் இணையக் கணக்கை அதற்குள் மூடிவிட்டார்கள். நல்லவேளை கூடப் படித்த நண்பன் ஒருவன் அந்த பிடிஎஃப்பை அழிக்காமல் வைத்திருந்தான். ஒன்பதாவது வாரம் ஐகன்வேல்யூ, பதினோராவது வாரம் ஆர்த்தோகனாலிட்டி என்று இருந்த பக்கத்தில் கணக்குத் துறைப் பேராசிரியர் பேனாவால் இரண்டு டிக் போட்டார், கீழே கையெழுத்து, முடிந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கம் இல்லாவிட்டால் ஒரு செமஸ்டர் முழுக்கத் தெரிந்ததையே திரும்பப் படித்திருப்பேன், அதற்கு ஃபீஸும் கட்டியிருப்பேன்.

அதனால் இன்று ராத்திரியே செய்ய வேண்டிய வேலை: இதுவரை எடுத்த ஒவ்வொரு பாடத்தின் முழு சிலபஸையும் இறக்கி உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் வையுங்கள். லேப் இருந்தால் லேப் மேனுவல், எழுதிய ரிப்போர்ட் இரண்டு. மாறுவதாக முடிவெடுக்காவிட்டாலும் பரவாயில்லை, வையுங்கள்.

கலிபோர்னியாவுக்குள் என்றால் "அசிஸ்ட்" என்ற அதிகாரப்பூர்வ தளத்தில் எந்தக் கம்யூனிட்டி காலேஜின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று வரிக்கு வரி இருக்கும். வேறு மாநிலங்களில் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் தளத்திலேயே இப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. பட்டியலில் இல்லாத பாடத்தை ஏற்க மாட்டார்கள் என்று அர்த்தமில்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

செமஸ்டர், குவார்ட்டர் வித்தியாசம் பெரிய பிரச்சினையா?

சிறு பிரச்சினை, ஆனால் சுருக்கென்று தைக்கும். சில இடங்களில் படிப்பு வருடத்தை இரண்டு செமஸ்டராகப் பிரிக்காமல் மூன்று குவார்ட்டராகப் பிரிப்பார்கள். ஒரு செமஸ்டர் கிரெடிட் ஒன்றரை குவார்ட்டர் கிரெடிட்டுக்குச் சமம். குவார்ட்டர் முறையில் 4 கிரெடிட் பாடம் எடுத்திருந்தால் செமஸ்டர் கணக்கில் 2.67 ஆகும். புதிய இடத்தில் அந்தப் பாடம் 3 கிரெடிட். மிச்சம் 0.33-ஐ எங்கே போய்த் தேடுவது? சில துறைகள் பாடம் முடிந்தது என்று விட்டுவிடும், மொத்தக் கணக்கில் மட்டும் குறையும். சில இடங்களில் கடைசி செமஸ்டரில் ஒரு கிரெடிட்டுக்காக ஒரு வகுப்பு எடுக்க வேண்டிவரும். முன்பே கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்கி வையுங்கள்.

ஜிபிஏ கூட வருமா? ஏபி கிரெடிட்?

ஜிபிஏ பெரும்பாலும் வராது, புதிய இடத்தில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். சிலருக்கு வரம், சிலருக்கு சாபம். பிறகு மெடிக்கல் ஸ்கூல் மாதிரி எங்காவது விண்ணப்பித்தால் பழைய டிரான்ஸ்கிரிப்டும் கூடவே போகும், அதனால் தொலைந்தது என்று நினைக்க வேண்டாம். ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) மார்க்கை அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து புதிய இடத்துக்குத் திரும்ப அனுப்ப வேண்டும். பழைய இடம் 4 மார்க்குக்குக் கொடுத்த கிரெடிட்டைப் புதிய இடம் 5 இருந்தால்தான் தருவேன் என்று சொல்லலாம்.

யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்தது, கம்ப்யூட்டர் சயன்ஸில் கிடைக்கவில்லை. சேர்ந்துவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாமா?

இந்த நம்பிக்கையில் கால் வைத்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன், வெளியே வந்தவர்கள் கொஞ்சம்தான். கூட்டம் அதிகமான மேஜர்களுக்குள் நுழைவது பல இடங்களில் தனி விண்ணப்பம், தனிப் போட்டி. சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே "கொள்ளளவு கட்டுப்படுத்தப்பட்ட மேஜர்கள்" என்ற பொருளில் ஒரு தனி வகை வைத்திருக்கிறார்கள். உள்ளே வந்தபின் மாறுவது வெளியிலிருந்து வருவதைவிடக் கஷ்டமாக இருக்கும் இடங்களும் உண்டு. உங்களுக்குக் கொடுத்த மேஜரிலேயே டிகிரி முடிக்க மனசு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த அட்மிஷன் கடிதத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் "வாழ்த்துகள்" உங்களுக்கு இல்லை.

பணம்?

முதல் வருட மாணவர்களுக்குத் தரும் மெரிட் ஸ்காலர்ஷிப்களில் பெரும்பகுதி டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்குக் கிடையாது. இப்போதைய இடத்தில் ஏதாவது ஸ்காலர்ஷிப் வாங்கிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிட்டுத்தான் போகிறீர்கள், திரும்பி வந்தாலும் அது காத்திருக்காது. முதல் வருட மாணவர்களின் பண வசதியைப் பார்க்காமல் எடுப்போம் என்று சொல்லும் இடங்களில் சில, டிரான்ஸ்ஃபர் விஷயத்தில் அதைப் பார்க்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்கள் ஃபாஃப்சா என்ற அரசு நிதியுதவிப் படிவத்தில் புதிய பல்கலைக்கழகத்தின் எண்ணைச் சேர்க்க மறக்காதீர்கள். பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு வாழ்நாள் வரம்பு 12 செமஸ்டருக்குச் சமம். கிரெடிட் இழந்து ஒரு வருடம் கூடினால் அது இங்கேயும் கடிக்கும். கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறுகிறவர்களுக்கு ஜாக் கென்ட் குக் அறக்கட்டளையின் டிரான்ஸ்ஃபர் ஸ்காலர்ஷிப் பெரியது. போட்டியும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

அம்மா அப்பாவிடம் பேசும்போது ஒரு வருட ஃபீஸைச் சொல்லாதீர்கள். டிகிரி முடிய இன்னும் எத்தனை செமஸ்டர் என்று கிரெடிட் கணக்குப் போட்டுப் பெருக்கிச் சொல்லுங்கள். பல வீடுகளில் சண்டை வருவது அந்தக் கூடுதல் செமஸ்டர் பின்னால் திடீரென்று முளைக்கும்போதுதான்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன். மாறலாமா?

மாறலாம். நீங்கள் மாறுவது ஒன்று, செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேட்டில் உங்கள் பதிவு மாறுவது இன்னொன்று. புதிய இடத்தின் அட்மிஷன் கடிதத்தைப் பழைய இடத்து டிஎஸ்ஓவிடம் (வெளிநாட்டு மாணவர்களின் விசா விவகாரத்தைப் பார்க்கும் கல்லூரி அதிகாரி) கொடுத்து, எந்தத் தேதியில் பதிவை விடுவிக்க வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். அந்தத் தேதி வரும்வரை மனசு மாறினால் ரத்து செய்யலாம். வந்தபின் பழைய டிஎஸ்ஓவால் உங்கள் பதிவைத் தொடவே முடியாது. பழைய வளாகத்தில் பார்த்த பகுதிநேர வேலையும் அன்றோடு சரி, ஒரு நாள் கூடுதலாக லைப்ரரி கவுண்டரில் உட்கார்ந்தாலும் தப்பு. புதிய இடத்தில் ஐ-20 என்ற மாணவர் தகுதிச் சான்றுப் படிவம் வாங்கி, ஐந்து மாதத்துக்குள் வகுப்பு தொடங்கும்படி இருக்க வேண்டும், படிப்பு தொடங்கும் தேதியிலிருந்து 15 நாளுக்குள் அங்கே போய் ஆஜராக வேண்டும். பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவில் பழைய பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், விசா காலாவதியாகாமல் இருந்தால் புதிய ஐ-20-ஐக் கையில் வைத்துக்கொண்டு பயணம் செய்யலாம். குடியேற்ற விதிகள் அடிக்கடி மாறுபவை. நான் எழுதியதை வைத்து டிக்கெட் போடாமல் டிஎஸ்ஓவிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இப்போது படிக்கும் இடத்தில் தெரிந்தால் கோபித்துக்கொள்வார்களா?

மாட்டார்கள். ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு இது தினசரி வேலை. பேராசிரியர்களும் பெரும்பாலும் நல்லபடியாகத்தான் எழுதித் தருவார்கள். எனக்குக் கடிதம் எழுதிய பேராசிரியை, "நானும் இப்படி மாறினவள்தான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். கோபித்துக்கொள்பவர்கள் நண்பர்கள்தான். அடுத்த வருட வீட்டு வாடகையில் உங்கள் பங்கை நம்பியிருப்பவரிடம் முதலில் சொல்லுங்கள்.

முடிவு வரும்வரை என்ன செய்வது? பைத்தியம் பிடிக்கிறது.

முதல் வருட அட்மிஷன் போல ஒரே நாளில் எல்லாருக்கும் வராது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை சிதறிச் சிதறி வரும், சில இடங்களில் ஜூலைகூட ஆகும். இதற்கு நடுவில் பழைய இடத்தில் அடுத்த வருடப் பாடங்களுக்குப் பதிவு செய்யச் சொல்வார்கள், ஹாஸ்டலுக்கு டெபாசிட் கேட்பார்கள்.

போவதில்லை என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்யுங்கள். பாடங்களுக்குப் பதிவு செய்யுங்கள், தங்க இடம் பாருங்கள், எந்தத் தேதிக்குள் விலகினால் டெபாசிட் திரும்ப வரும் என்று மட்டும் குறித்து வையுங்கள். நான் முதல் முறை எப்படியும் போய்விடுவோம் என்ற மிதப்பில் எதற்கும் பதிவு செய்யவில்லை. எல்லா இடத்திலிருந்தும் மறுப்பு வந்தபோது பழைய இடத்தில் நல்ல வகுப்புகள் எல்லாம் நிரம்பிவிட்டன. காலை எட்டு மணிக்கு யாரும் எடுக்காத புள்ளியியல் வகுப்பில் ஒரு செமஸ்டர் தூங்கி வழிந்தேன். பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் இரண்டு இடத்துக்கும் பொருந்துகிறவற்றை எடுங்கள். கால்குலஸ், இயற்பியல், எழுத்துப் பயிற்சி மாதிரி எங்கே போனாலும் செல்லுபடியாகும் பாடங்கள். பழைய இடத்துக்கே உரிய விசேஷமான பொதுக்கல்விப் பாடங்களை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள்.

மறுத்துவிட்டார்கள். திரும்ப விண்ணப்பிக்கலாமா? காரணம் கேட்கலாமா?

அடுத்த வருடம் தாராளமாகப் போடலாம். காரணம் கேட்டால் பெரும்பாலும் அச்சடித்த பதில்தான் வரும். இதற்கு மேல்முறையீடு என்பது, விண்ணப்பத்தில் இல்லாத புதிய தகவலோ மார்க்கில் நடந்த பிழையோ இருந்தால்தான் எடுபடும். "எனக்கு ரொம்ப ஆசை" என்பது புதிய தகவல் இல்லை. வெயிட்லிஸ்ட் என்றால் சரி என்று பதில் போட்டுவிட்டு, வசந்தகால மார்க் வந்ததும் ஒரு சிறு கடிதத்தோடு அனுப்புங்கள், அப்புறம் மறந்துவிடுங்கள்.

இடம் கிடைத்துவிட்டது. இனி இந்த செமஸ்டரை ஓட்டிவிடலாம்தானே?

கூடாது. அட்மிஷன் கடிதம் நிபந்தனையோடுதான் வருகிறது. எடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்ன பாடங்களை முடிக்க வேண்டும், மார்க் சரியக்கூடாது, கடைசி டிரான்ஸ்கிரிப்ட் அவர்கள் சொன்ன தேதிக்குள் போய்ச்சேர வேண்டும். யூசிக்கு அது ஜூலை 1. பாடம் ஒன்றை விட்டுவிட வேண்டிய நிலை வந்தால் முதலில் புதிய இடத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டு விடுங்கள்.

பாதியில் விட்டுப் போனவன் என்று பேர் வராதா? வீட்டில் அதைத்தான் சொல்கிறார்கள்.

பராக் ஒபாமா லாஸ் ஏஞ்சலஸில் ஆக்சிடென்டல் காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு 1981-ல் கொலம்பியாவுக்கு மாறியவர். வாரன் பஃபெட் பெரிய பெயருள்ள வார்ட்டன் பிசினஸ் ஸ்கூலை விட்டுவிட்டுச் சொந்த மாநிலத்து நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு மாறி அங்கே டிகிரி வாங்கியவர். இரண்டாவது உதாரணத்தை வீட்டில் சொல்லிப் பாருங்கள், மாறுவது என்றால் மேலே போவது மட்டும்தான் என்ற நினைப்பு கொஞ்சம் ஆடும். டிகிரிச் சான்றிதழில் முடித்த இடத்தின் பெயர்தான் இருக்கும்.

எல்லாம் முடிவாகிவிட்டது, கிளம்பப் போகிறேன். பழைய இடத்தில் என்ன பாக்கி?

முறைப்படி விலகல் படிவம் கொடுங்கள். வராமல் இருந்தாலே விலகிவிட்டதாக அர்த்தமில்லை, பதிவு செய்த பாடங்களுக்கு ஃபீஸ் பில் வந்து, கட்டாவிட்டால் கணக்கில் தடை விழும். லைப்ரரி புத்தகம், பார்க்கிங் அபராதம் எல்லாவற்றையும் தீர்த்துவிடுங்கள். பன்னிரண்டு டாலர் பார்க்கிங் அபராதத்துக்காக என் கடைசி டிரான்ஸ்கிரிப்ட் ஒன்பது நாள் நின்றது, அந்த ஒன்பது நாளும் புதிய இடத்திலிருந்து தினம் ஒரு நினைவூட்டல் வந்தது. கல்லூரி ஈமெயிலில் இருப்பதை எல்லாம் சொந்த ஈமெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். சிலபஸ் கோப்புகளை இன்னும் இறக்கவில்லை என்றால் அந்தக் கணக்கை மூடும் முன்னால் இன்றைக்கே இறக்கிவிடுங்கள்.